செயற்கைப் பல்லும் தாடை எலும்பும்

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். பல்லோடு போவது சொல் மட்டுமன்று. அப்பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் சிறிது சிறிதாகக் கரைந்துவிடுகிறது. இதனை அறியாமல், பல்லைப் பிடுங்கிப் பல ஆண்டுகள் கழித்து இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள விரும்பி மருத்துவரை நாடுவோர் உளர். "தாடையில் போதிய எலும்பு இல்லை" என்ற விடை கேட்டு அவர்கள் திகைக்கின்றனர். அந்நிலை ஏன் வருகிறது, அதற்குச் செய்யக்கூடியது யாது என்பதை ஈண்டு காண்போம்.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டேனியம் உலோகத்தாலான சிறு திருகாணி. இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக அது தாடை எலும்பினுள் பொருத்தப்படுகிறது. 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் வைத்திருந்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றார். எலும்பு அதனை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது, எடுக்க இயலவில்லை. அந்தத் தடையே புதிய மருத்துவத்திற்கு வித்தாயிற்று. 1965-இல் அவர் ஒரு நோயாளியின் தாடையில் இம்ப்ளாண்டைப் பொருத்தினார். இன்றும் முறை அதுவே. திருகாணியைப் பிடித்து நிறுத்துவது பசையன்று, உயிருள்ள எலும்பு. அது பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும்.

பல் இருக்கும்வரை, மெல்லும் விசை வேரின் வழியாக எலும்பைச் சென்றடைகிறது. பல் போனபின் அந்த எலும்புக்கு வேலை இல்லை. உதட்டுப் பக்கத்துச் சுவர் இயல்பிலேயே மெல்லியது. அதுவே முதலில் தேய்கிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் 12 மாதங்களுக்குள் எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. மேல்தாடையின் பின்பகுதியிலோ இன்னொரு தொல்லை உண்டு. அங்கு எலும்புக்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது. பல் போனபின் அவ்வறை கீழ்நோக்கி விரிய, எலும்பு இருபுறமும் குறைகிறது.

மறுநடவுக்கு முன் நிலத்தை அளந்து, முளைக்குச்சி அடித்து, அதன் பின்னரே குழி வெட்டுகிறோம். இங்கும் அவ்வாறே. 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள இம்ப்ளாண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.5 மில்லிமீட்டர் எலும்பாவது இருத்தல் நலம். ஆக, 7 மில்லிமீட்டர் அகலம் தேவைப்படுகிறது. கீழ்த்தாடையினுள் உதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அதற்கும் இம்ப்ளாண்டின் நுனிக்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் விடுவது மருத்துவர் வழக்கம். நரம்பு காயமுற்றால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது மீளாமலே போவதும் உண்டு. சாதாரண எக்ஸ்ரே படம் எலும்பின் உயரத்தைக் காட்டும், தடிப்பைக் காட்டாது. ஆதலால் கோன் பீம் சி.டி. எனும் முப்பரிமாணப் படம் எடுக்கப்படுகிறது. பல் எங்கு அமைய வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப வேரின் இடத்தைக் குறிப்பதே நல்ல திட்டம். எலும்பு எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே துளையிட்டால், பல் கோணலாக அமையும், உணவு தங்கும், பழுது விரைவில் வரும்.

எலும்பு போதாதெனில் எலும்பு ஒட்டு செய்வர். ரப்பர் கன்றில் ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மொட்டுப் பட்டையை வைத்து, நாடாவால் இறுகச் சுற்றி, சுமார் 3 வாரங்கள் அசைக்காமல் விடுகிறோம் அல்லவா? எலும்புத் துகள்களைக் குறையுள்ள இடத்தில் நிரப்பி, மெல்லிய சவ்வால் மூடி, ஈறைத் தைத்துவிடுகின்றனர். ஈறு விரைவாக வளரும், எலும்போ மெதுவாக வளரும்; ஈறு உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதே சவ்வின் வேலை. ஆனால் இங்குக் காத்திருக்க வேண்டியது வாரக் கணக்கன்று; பெரும்பாலும் 4 முதல் 6 மாதங்கள். காற்றறையின் தரையை உயர்த்தி ஒட்டு வைத்தால் இன்னும் கூடுதலாகலாம்.

ஒட்டுக்குரிய எலும்பு எங்கிருந்து வருகிறது? நோயாளியின் மோவாய், பின்தாடை, இடுப்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பதுண்டு. இறந்தோர் தானமாக அளித்த எலும்பைத் தூய்மைசெய்து பயன்படுத்துவதுண்டு. மாட்டெலும்பு, பன்றியெலும்பு ஆகியவற்றிலிருந்து செய்த துகள்களும், கால்சியம் பாஸ்பேட்டால் செய்த செயற்கைத் துகள்களும் உள்ளன. மூடும் சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் உடலிலிருந்து வருவதே. பல சமயத்தவர் சேர்ந்து வாழும் நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. வீட்டில் மாட்டிறைச்சி புழங்காத தாயார் ஒருவர், தம் தாடையில் வைக்கப்பட்டது யாதெனப் பின்னர் அறிந்து மனம் வருந்துவதில் பொருளில்லை. ஒப்புதல் தாளில் கையொப்பமிடுவதற்கு முன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நோயாளி எதனை விரும்பவில்லை என்பதை அறிந்தால் மாற்றுப் பொருளை மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம்.

எல்லோருக்கும் இச்சிகிச்சை உடனே ஏற்றதாகாது. புகைபிடிப்போருக்கு ஒட்டு தோற்கும் வாய்ப்பு மிகுதி. கட்டுப்படாத நீரிழிவு புண்ணை ஆறவிடாது. எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் மருந்து உட்கொள்வோர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அம்மருந்துகளுள் சில, அறுவைக்குப்பின் தாடை எலும்பை அழியச் செய்யக்கூடும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தையும் மறைக்கலாகாது.

செலவும் சிறிதன்று. கழற்றி மாட்டும் பல்செட்டு பலருக்கு நன்கு பயன்படுகிறது. அதனைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. இம்ப்ளாண்டை விரும்புவோர், பல்லைப் பிடுங்கும் நாளிலேயே அதுபற்றி மருத்துவரிடம் பேசிவிடுதல் நன்று. குழியில் அப்போதே எலும்புத் துகள் வைத்தால் தேய்வு முற்றிலும் நிற்காவிடினும் குறையும். குறைந்த விலைக்கு வீட்டில் வந்து பல் கட்டித் தருவோரை நம்பலாகாது. பல் மருத்துவம் செய்வோர் பதிவுபெற்றிருக்க வேண்டும் என்பதே 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம்.

அறுவைக்குப் பின் சில நாள்களுக்குப் பால் வாளி தூக்குதல் போன்ற பளுவான வேலை ஆகாது. குருதி மீண்டும் கசியும். ஆகவே விடுப்புச் சான்றினை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்க. காற்றறையில் ஒட்டு வைத்துக்கொண்டவர்கள், மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தலாகாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.