குடியிலிருந்து இரண்டாம் முறை மீள்வது

குடியை விட்டவர்களின் கதையை நம் ஊரில் எல்லோரும் விரும்பிக் கேட்பார்கள். விட்டு, வருடக்கணக்கில் நன்றாக இருந்து, திரும்பவும் குடிக்குள் போய், அங்கேயே சில வருடம் கிடந்து, மறுபடி வெளியே வந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. வெட்கம். அந்த வெட்கம்தான் ஒருவரை இன்னும் பல மாதம், சில சமயம் உயிர் போகும் வரை, கடைக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. நான் அதற்குள் இருந்து வந்தவன். இப்போது அதற்குள் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் ஜாப் ஒர்க். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு கூடினால் பேரிங் ஏறாது, குறைந்தால் தளர்ந்துவிடும். குடி முற்றியிருந்த நாட்களில் காலை வேளையில் மைக்ரோமீட்டரின் கோடு என் கண்ணில் நிற்காது, கை அப்படி உதறும். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதனால் முந்தின ராத்திரியே ஒரு கட்டிங் மிச்சம் வைத்து, டூல் பெட்டிக்குள் ஒளித்திருப்பேன். அது உள்ளே போனபிறகுதான் கை நிற்கும், வேலை ஓடும். இந்த நிலைக்கு வந்த ஒருவரிடம் "மனசைக் கட்டுப்படுத்து" என்று சொல்லிப் பயனில்லை. உடம்பு அதைக் கேட்கிற இடத்தைத் தாண்டிவிட்டது.

நான் திரும்பக் குடித்தது எப்படி என்பதை அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆர்டர் கூடியது, ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை ஓடியது, ஞாயிறு மாலை, குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்குப் போவது குறைந்து நின்றுபோனது. இத்தனை வருஷம் இருந்தாச்சு, ஒரு பீர் என்ன செய்யும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பீருக்கும் பழைய ஆஃப் பாட்டிலுக்கும் இடையே சில வாரங்கள்தான். விட்ட இடத்திலிருந்தே உடம்பு தொடங்கிக்கொள்கிறது, புதிதாகக் குடிப்பவனுக்குக் கிடைக்கும் அவகாசம் நமக்குக் கிடையாது.

சில வாரத்தில் பிடித்தது ஏன் சில வருடம் நீடித்தது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985-ல் இதைப் பற்றியே ஒரு நூல் கொண்டுவந்தார். குடியை விட்டவர் ஒருமுறை தவறிவிட்டால், அந்த ஒரு கிளாஸ் செய்யும் கெடுதலைவிட, 'போச்சு, இத்தனை வருஷமும் வீண், நான் இப்படித்தான்' என்ற எண்ணம் செய்யும் கெடுதல் பெரிது என்றார். நம்மிடம் அதற்குப் பழமொழியே தயாராக இருக்கிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? தினமும் மாலை என் தலைக்குள் ஓடியது அதுதான்.

அது பொய். குடிக்காமல் இருந்த வருடங்கள் எங்கும் போய்விடவில்லை. மாலை ஆறரை மணியை எப்படிக் கடப்பது, கெடா விருந்தில் என்ன சொல்லித் தப்புவது, யாருடைய போனை எடுக்கக் கூடாது, தூக்கம் வராத ராத்திரியில் என்ன செய்வது என்று முதல் முறை தடுமாறித் தடுமாறிக் கற்றதெல்லாம் இரண்டாம் முறை உடனே கைக்கு வந்தது. ஏஏ வழக்கப்படி, குடிக்காத நாட்களை மறுபடி முதல் நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அது சரிதான். தேதி புதிது, அனுபவம் பழையது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் முந்தைய அனுபவத்தை நம்பவே கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் முறை நான் ஐயப்பனுக்கு மாலை போட்டு வீட்டிலேயே நிறுத்தினேன். நாலைந்து நாள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, அவ்வளவுதான். அப்போது சமாளித்தவர் இப்போதும் அப்படியே சமாளிப்பார் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். நிறுத்துவதும் குடிப்பதுமாக மாறி மாறி நடக்கும்போது ஒவ்வொரு முறையும் மூளை நரம்புகளின் கொந்தளிப்பு கூடிக்கொண்டே போகிறது. மருத்துவர்கள் இதைக் கிண்ட்லிங் என்கிறார்கள். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் தெரியும். டெலிரியம் என்று பெயர். கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்த ராத்திரியே எனக்குப் பிட்ஸ் வந்துவிட்டது. என் மனைவி பீரோச் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாராம். கண் விழித்தபோது கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது. என்னைச் சேர்த்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போர்வையில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தார். பேய் பிடித்ததென்று அவரை முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போய், அதிலேயே இரண்டு நாளைத் தொலைத்திருந்தார்கள் வீட்டார்.

இன்னொன்று. குடியை நிறுத்திச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் வழக்கம். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், நினைவு நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். எனவே குடித்தவர் என்பதை மறைக்காமல் சொல்லி, பி1 ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கூடுதல் அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம் தருவார்கள். மருந்துக்கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. அதற்கும் அடிமையாகலாம், குடியோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடவும் கூடும். அதன்பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

டைசல்ஃபிராம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் தர வேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியைக் குழம்பில் கலக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிக் கலப்பது கொல்லக்கூடியது. டைசல்ஃபிராம் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் உடம்பில் இருக்கும். சாப்பிடுபவர்கள் அரிஷ்டம் வகைகளையும் தொடக் கூடாது. தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் புளிக்கும்போது தானாகவே மது உண்டாகிறது. சில இருமல் மருந்துகளிலும் ஹோமியோபதி டிங்சர்களிலும் மது உண்டு. அஜீரணத்துக்கு என் அத்தை பாசத்தோடு நீட்டிய அரிஷ்ட பாட்டிலை நான் லேபிளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வார்டிலிருந்து வந்தபிறகு மாத்திரை பார்த்துக்கொள்ளாத வேலை ஒன்று பாக்கியிருந்தது. பழைய மீட்டிங்குக்குத் திரும்பப் போவது. என் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்களே அங்கே இருந்தார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நின்றேன். எனக்கு மூத்தவர் ஒருவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெளியே வந்து பார்த்தார். "வா கண்ணு, டீ குடிச்சியா?" என்றார். எங்கே போயிருந்தாய், எவ்வளவு நாள் குடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் ஷேரிங்கில் சொன்னது டாக்டர் பாப் கதை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து அக்ரோன் நகரில் பாப் ஸ்மித் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், பெருங்குடியர். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற இன்னொரு குடிநோயாளியைச் சந்தித்துப் பேசி, குடியை நிறுத்துகிறார். சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போனவர் அங்கே மறுபடி குடித்துவிட்டு நிலைகுலைந்து திரும்புகிறார். ஓர் அறுவை சிகிச்சை காத்திருக்கிறது, கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க பில் ஒரு பாட்டில் பீர் கொடுக்கிறார். அதுதான் பாப் கடைசியாகக் குடித்தது. 1950-ல் இறக்கும் வரை தொடவில்லை. அந்தக் கடைசிக் குடியின் தேதியான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. உலகமெங்கும் பரவிய ஓர் இயக்கம் தன் பிறந்தநாளையே, திரும்பக் குடித்து மீண்ட ஒருவர் கணக்கில் வைத்திருக்கிறது. மைக்ரோமீட்டரைப் பிடித்து நடுங்கிய என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அன்று நானும் எழுந்து பேசினேன்.

அன்றாடம் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்கிறேன். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கையும் முற்றவிடாதே என்று ஏஏவில் சொல்வார்கள். எனக்கு நான்கில் பசிதான் கொடியது. ஐந்தரைக்கே இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி பொட்டுக்கடலையும் சாப்பிட்டுவிடுவேன். குடி ஆசை கிளம்பினால் பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாகத் தணியும். அந்த நேரத்துக்குக் கைக்கு வேலை வேண்டும். பட்டறைப் பையன்களை அனுப்பிவிட்டு, தரையில் கிடக்கும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளி, லேத் பெட்டைத் துடைத்து எண்ணெய் விடுவேன். முடித்துக் கை கழுவும்போது ஆசை இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் அந்த மில் ஐயாவுக்குப் போன் போடுவேன்.

காசு விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டை இருக்கும். எனக்கு அது ஸ்கிராப். பட்டறையில் சேரும் சுருளை விற்கும் பணம் கணக்கில் வராது, கடைக்குப் போனது அந்தப் பணம்தான். இப்போது ஸ்கிராப் கடைக்காரர் நேராக என் மனைவிக்கு ஜிபே செய்கிறார். உங்கள் ஓட்டை எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கெடா வெட்டு, காரியம், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, இவற்றுக்குப் பகலில் போய் இருட்டுவதற்குள் திரும்புகிறேன். ஊற்றிக்கொண்டு வருபவரிடம் குடியின் கெடுதல் பற்றிப் பேசினால் வாக்குவாதமாகும். "மாத்திரை சாப்பிடறேனுங்க மாமா, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றால் எந்த மாமாவும் வற்புறுத்த மாட்டார்.

வீட்டில் நம்பிக்கை திரும்ப நாளாகும், முதல் முறையைவிட அதிகம். கொஞ்சம் தாமதமானால் என் மனைவி இன்றைக்கும் போன் செய்து, "ஏனுங்க, எங்க இருக்கீங்க?" என்று கேட்பார். பக்கத்தில் வந்து நிற்கும் சாக்கில் மூச்சைக் கவனிப்பார். எனக்கு அதில் கோபம் வருவதில்லை. அவர் பட்டதற்கு அந்த உரிமை உண்டு. வீட்டாருக்கென்று ஆல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

இப்போது குடியில் இருப்பவர்கள் போன் செய்ய இரண்டு எண்கள் உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒரு சீட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே போனதும் பதற்றத்தில் மறந்துவிடும்: கடைசியாகக் குடித்த நேரம், தினமும் குடித்த அளவு, முன்பு நிறுத்தியபோது பிட்ஸோ மனக்குழப்பமோ வந்ததா, சுகர், பிரஷர் உட்பட இப்போது சாப்பிடும் மாத்திரைகள், மஞ்சள் காமாலை வந்ததுண்டா. அளவைக் குறைத்து எழுதாதீர்கள். மருந்தின் அளவு அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். கூட வரும் ஆள் குறைந்தது நான்கு நாள் பக்கத்தில் தங்கக்கூடியவராக இருக்கட்டும்.