சிவப்பணு யாருக்காக வாழ்கிறது?

அன்புள்ள கயல்,

செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து உறுப்பு மண்டலம், எல்லாம் சேர்ந்து உடல் என்று உன் பாடநூல் வரிசைப்படுத்துகிறது. அதில் பிழை இல்லை. ஆனால் அந்த வரிசையைக் கீழிருந்து மேலாக மட்டுமே படித்தால், செங்கல்லை அடுக்கி வீடு கட்டுவதுபோல உடல் உருவாகிறது என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடும். செங்கல் சூளையிலிருந்து வரும்போதே செங்கல்தான். சுவரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாறாது. ஒரு செல் என்னவாக இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது என்பதையோ பெருமளவு முழு உடலே தீர்மானிக்கிறது.

இரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள். மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக 2016-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிவப்பணுக்களே. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது இந்தச் செல் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. உள்ளே நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். உட்கரு இல்லாததால் அது இன்னொரு செல்லாகப் பிரிய முடியாது, கெட்டுப்போன புரதத்துக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. சுமார் 120 நாளில் மண்ணீரலும் கல்லீரலும் அதைச் சிதைத்து இரும்பை மீட்டுக்கொள்கின்றன. எனக்கு இன்றும் வியப்பளிப்பது இதுதான்: வாழ்நாளெல்லாம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் அந்தச் செல், தன் ஆற்றலுக்கு அதைத் தொடுவதே இல்லை, ஆக்ஸிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துக் காலம் தள்ளுகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் இது குறைபட்ட செல். நுரையீரலும் இதயமும் தசையும் உள்ள உடலில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தக் குறைகளுக்குக் காரணம் புரியும்.

எத்தனை சிவப்பணு வேண்டும் என்பதையும் மஜ்ஜை தானாக முடிவுசெய்வதில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதைச் சிறுநீரகத்தின் சில செல்கள் உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மஜ்ஜை அதற்கேற்ப உற்பத்தியைக் கூட்டுகிறது. உயரமான மலைப்பகுதியில் தங்குவோருக்குச் சிவப்பணுக்கள் பெருகுவது இப்படித்தான். சிறுநீரகம் பழுதானவர்கள் பலருக்கு இரத்தசோகை வருவதும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்த ஹார்மோனை ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

"எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறதே, இதில் உடலுக்கு என்ன வேலை?" என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உன் நரம்புச் செல்லிலும் குடல் செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதி. ஜான் கர்டன் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு செயலிழந்த தவளை முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகள் நீந்தும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. முழு உயிரையும் உருவாக்கும் கட்டளைகள் குடல் செல்லிடம் அழியாமல் இருந்தன. எதைப் படிப்பது, எதை மூடிவைப்பது என்பதைச் சூழல் மாற்றியது. உடலுக்குள் அந்தச் சூழல், பக்கத்துச் செல்களும் தொலைவிலிருந்து வரும் ஹார்மோன்களும்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் செல்லுக்கு உடல் தேவையில்லையா? அவை உடலின் கட்டுப்பாட்டை மீறிய புற்றுச் செல்கள் என்பதை முதலில் கவனி. அவற்றுக்கும் உணவுக் கரைசல், வெப்பநிலை, கழிவு அகற்றல் எல்லாவற்றையும் மனிதர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். உடல் செய்த வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகப் பெருகியும் அவை ஓர் உறுப்பாக அமைந்ததில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தன்னிச்சையாகப் பெருகும் ஆற்றல் செல்லுக்குள் மறைந்தே இருக்கிறது, உடலின் ஒழுங்கு எப்போதும் வெல்வதில்லை. உயிரின் அடிப்படை அலகு செல் என்பதும் அதனால் ஆட்டம் காண்பதில்லை.

ஹீமோகுளோபின் குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்ததும், மருத்துவர் ஏன் இரும்புச்சத்து, மாதவிடாய், குடலில் இரத்தக் கசிவு, சிறுநீரகம், மஜ்ஜை என்று பல இடங்களில் தேடுகிறார் என்பது உனக்கு இப்போது விளங்கும். குறை தெரிவது சிவப்பணுவில். காரணம் உடலின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

அன்புடன்,
உன் சித்தப்பா