பிழையைக் காட்டினால் போதாது, பக்கத்தைக் காட்டுங்கள்

அமெரிக்காவில் மாநிலச் சிறைக் கைதிகளுக்காக ஆட்கொணர்வு மனு எழுதும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? விசாரணையில் அரசமைப்புச் சட்டத்தை மீறினார்கள் என்று நிரூபித்துவிட்டாலும் உங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அது 'தீங்கற்ற பிழை' என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட முடியும்.

நேரடி மேல்முறையீட்டில் 1967-ஆம் ஆண்டின் சாப்மன் தீர்ப்பு கைதிக்குத் துணை நிற்கிறது. பிழையால் கேடில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். ஆட்கொணர்வு மனு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்ததும் அளவுகோல் மாறிவிடுகிறது. 1993-இல் வந்த பிரெக்ட் தீர்ப்பின்படி, ஜூரியின் முடிவை அந்தப் பிழை கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். விஸ்கான்சினில் நடந்த கொலை வழக்கு அது. மௌனமாக இருக்கும் உரிமையை நினைவூட்டும் மிராண்டா எச்சரிக்கைக்குப் பிறகு குற்றம்சாட்டப்பட்ட பிரெக்ட் பேசாமல் இருந்ததை அரசு வழக்கறிஞர் அவருக்கு எதிராகத் திருப்பினார். அது தவறுதான். ஆனால் 900 பக்க விசாரணைப் பதிவில் அந்தப் பேச்சு இரண்டு பக்கம்கூட இல்லை; மற்ற சான்றுகளோ வலுவாக இருந்தன. பிரெக்ட் தோற்றார்.

நீதிபதிகள் பக்கம் எண்ணுகிறார்கள், நீங்களும் எண்ணுங்கள். இறுதி வாதத்தில் அரசு வழக்கறிஞர் எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்? ஜூரி எத்தனை மணி நேரம் கூடிப் பேசியது? ஆலோசனை அறையிலிருந்து நீதிபதிக்குச் சீட்டு ஏதும் வந்ததா? தவறாகச் சேர்த்த சாட்சியத்தையே மறுபடி வாசிக்கச் சொல்லி அதில் எழுதியிருந்தால், என் கணக்கில் பத்துப் பக்க வாதத்தைவிட அந்த ஒரு வரி பெரிது.

1995-ஆம் ஆண்டின் ஓநீல் தீர்ப்பை மறக்காதீர்கள். தராசு சமமாக நின்று நீதிபதிக்குக் கடும் ஐயம் எழுந்தால், வெற்றி கைதிக்குத்தான். வழக்கறிஞரே தராமல் விசாரித்தது போன்ற அடிப்படைக் கோளாறு என்றால் எடை போடும் பேச்சே இல்லை.

மாநில நீதிமன்றம் ஏற்கெனவே 'தீங்கற்றது' என்று முடிவு செய்திருந்தால், 2022-இல் வந்த டேவன்போர்ட் தீர்ப்பின்படி ஆட்கொணர்வு மனுக்களைக் கட்டுப்படுத்தும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையையும் தாண்டியாக வேண்டும். மனுவுக்குப் பொதுவாக ஓராண்டுக் கெடு விதிப்பதும் அதே சட்டம்தான். கோப்பு கைக்கு வந்த அன்றே நாட்களை எண்ணிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கக் கைதிக்கு அரசமைப்பு உரிமை இல்லை. அதனால் தானே கையால் மனு எழுதி அனுப்பியவரின் கோப்பும் உங்களிடம் வரும். ஓரத்தில் அவர் குறித்திருக்கும் பக்க எண்ணை முதலில் திறந்து பாருங்கள்.