பெருநாள் வீட்டில் முதல் அளவு எது?



ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் வந்துவிட்டால் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளில் மாவு, நெய், ஏலக்காய், கருப்பட்டி ஆகியவற்றின் வியாபாரம் மும்முரமாகிவிடும். கேலாங் சிராய்ச் சந்தையிலோ கால் வைக்க இடமிராது. வீட்டை அலங்கரிப்பதும் பலகாரம் செய்வதும் நம்மிடையே தொன்றுதொட்டு வரும் பழக்கங்கள். பெருநாளன்று மகிழ்வதை மார்க்கம் வெறுக்கவில்லை. ஆயினும் எதை முதலில் செய்வது, எவ்வளவு செய்வது என்பதை அறிந்து செய்தல் வேண்டும். அதுவே இந்த இதழின் பாடம்.

1. ஃபித்ரா

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆண், பெண், பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு முஸ்லிமுக்காகவும் ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் அல்லது வாற்கோதுமை கொடுக்க விதித்தார்கள். ஒரு ஸாஉ என்பது இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. ஏழையின் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும். நோன்பில் நேர்ந்த குறைகளும் நீங்க வேண்டும். இவ்விரண்டுமே அதன் நோக்கம். மக்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் அதைக் கொடுத்துவிட வேண்டும். தொழுகைக்குப் பின் கொடுப்பது சாதாரண தர்மமாகவே கருதப்படும்.

சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு அமைந்த இஸ்லாமிய சமய மன்றமாகிய முயிஸ், ஆளுக்கு 2.3 கிலோ அரிசி என்ற கணக்கில் அதன் விலையை அறிவிக்கிறது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 11.5 கிலோ ஆகும். பால் குடிக்கும் குழந்தையையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். கடைக்குச் சீட்டு எழுதும் தாய்மார்கள், மாவுக்கும் வெண்ணெய்க்கும் மேலே, முதல் வரியில் இதை எழுதிக்கொள்வார்களாக.

2. பலகாரம்

நோன்புப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகுமுன் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்கள் உண்பது சுன்னத்து. அதன் பின்னரே மற்றவை.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வட்டிலப்பம் இல்லாத பெருநாள் இல்லை. செய்முறை எளிது. 10 முட்டை, 400 கிராம் கருப்பட்டி, 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், சிறிது ஏலக்காய் போதும். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். சூடாகச் சேர்த்தால் முட்டை திரிந்துவிடும். எல்லாவற்றையும் கலந்து மீண்டும் வடிகட்டி, மிதமான தீயில் ஆவியில் வேகவையுங்கள். தீ கூடினால் அப்பம் ஓட்டை ஓட்டையாகிவிடும். கருப்பட்டி கிடைக்காவிடில் மலாய்க்காரர்களின் குலா மலாக்காவும் நன்றாயிருக்கும்.

ஒரு கடைக்காரன் என்ற முறையில், என் வியாபாரத்துக்கு மாறாக ஒன்று சொல்கிறேன். பத்து வகைப் பலகாரத்துக்குக் கடன் வைக்க வேண்டாம். பெருநாள் பாக்கியை ஹஜ்ஜுப் பெருநாள் வரை அடைக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் செய்த இரண்டு வகை, கடனுக்கு வாங்கிய பத்து டப்பாக்களைவிட மேலானது. உண்ணவும் பருகவும் அனுமதித்த திருமறை, 7ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தில் வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறது.

3. அலங்காரம்

மலாய்ச் சகோதரர்கள் குருத்தோலையில் கெத்துப்பாட் பின்னுகிறார்கள். இரண்டு ஓலைக் கீற்றுகளில் ஒரு கூடு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அரிசியிட்டு, நீரில் மூழ்கவைத்து, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைப்பார்கள். அரிசி பெருகிக் கூட்டை நிறைப்பதால் சோறு இறுகிக் கட்டியாகிறது. அதிகம் இட்டால் கல்லாகும், குறைத்தால் குழையும். அதே பின்னலைப் பச்சை, மஞ்சள் காகிதக் கீற்றுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வாசலில் தொங்கவிடலாம். செலவு மிகக் குறைவு. பிள்ளைகள் செய்ததென்ற சந்தோஷமும் உண்டு.

முன்பு கம்பத்து வீடுகளில் கடைசி இரவுகளில் எண்ணெய் விளக்கேற்றி வைத்தார்கள். அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தீ விளக்கு ஆபத்து; சிறு மின்விளக்குகளே போதும். அவையும் நடைபாதையை மறிக்கலாகாது. மேலும், அவ்வொற்றை இரவுகள் லைலத்துல் கத்ரைத் தேடும் இரவுகள். விளக்குக் கட்டுவதிலும் கடைவீதியிலும் அவற்றைக் கழித்துவிட்டுத் தொழுகையை விடுவது பெரும் நஷ்டமல்லவா?

4. அண்டை வீடு

குழம்பில் நீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்படி நபிகளார் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். நம் அண்டை வீட்டார் சீனராகவோ இந்துவாகவோ இருக்கலாம். அவர்களுக்கும் உரிமை உண்டு. சைவம் உண்பவருக்கு முட்டை சேர்ந்த வட்டிலப்பத்தை அனுப்பாமல், முறுக்கோ பழமோ அனுப்புங்கள். தனியாக வாழும் முதியவரும், ஊரை விட்டு வந்து உழைக்கும் தொழிலாளியும் நம் வீட்டில் ஒரு வேளை உண்ணட்டும்.

ஆகவே சகோதரர்களே, இவ்வாண்டு முதலில் ஃபித்ராவை அளந்து செலுத்திவிட்டு, அதன்பின் மாவை அளப்போம். அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.