ஆறு டாலர் கடிகாரம்

நியூயார்க் நகரில் ஏற்றுமதி இறக்குமதி வணிகம் செய்து வந்தவர் ஸ்டீவ் மாரியோட்டி. 1981ஆம் ஆண்டு ஒருநாள் இளைஞர் சிலர் அவரைத் தாக்கி, 10 டாலரைப் பறித்துச் சென்றனர். அற்பத் தொகைக்காக இத்துணைத் துணிவு காட்டியவர்கள், அத்துணிவை ஏன் வணிகத்தில் காட்டவில்லை என்னும் வினா அவரை விட்டு அகலவில்லை. மறு ஆண்டே, வறியோர் மிகுந்த புரூக்ளின் பகுதியில் ஆசிரியரானார்.

வகுப்பில் அவர் சொல் எடுபடவில்லை. கூச்சல் ஓயாத ஒருநாள், தம் கைக்கடிகாரத்தின் சிறப்புகளை அடுக்கி, அதனை 6 டாலருக்கு விற்பவர்போலப் பேசலானார். வகுப்பு அடங்கியது. 3 டாலருக்கு வாங்கியதை 6 டாலருக்கு விற்றால் இலாபம் எவ்வளவு? முதலீட்டில் அது எத்தனை விழுக்காடு? பாடத்தைப் புறக்கணித்தவர்கள் இதற்குச் செவிசாய்த்தனர்.

அயல்நாட்டுப் பொருளுக்கு இக்கணக்குப் போதாது. கப்பல் கட்டணம், காப்பீடு, சுங்க வரி ஆகியன அடக்க விலையில் சேரும். நாணய மாற்று விகிதம் சற்றே மாறினும் இலாபம் கரையும். இறக்குமதி வணிகருக்கு இது தெரியாததன்று. முதற்பாடத்திற்கு அவ்வளவே போதுமென விட்டார் போலும்.

1987இல், ஏழை மாணவர்க்குத் தொழில்முனைவு கற்பிக்கும் அமைப்பொன்றை அவர் நிறுவினார். அதன் மாணவர்கள் சிறு தொகையுடன் மொத்த விற்பனைக் கடைகளுக்குச் சென்று, பொருள் வாங்கி, தம் பகுதியில் விற்று, வரவு செலவைத் தாமே எழுதினர்.

பயிற்சி: 3 டாலர்க் கடிகாரம் ஒன்றிற்குக் கப்பல் கட்டணமும் வரியும் சேர்ந்து 1 டாலர் ஆகிறது. அதை 6 டாலருக்கு விற்றால் இலாப விழுக்காடு யாது? பத்துக் கடிகாரங்களைத் தருவித்து ஆறு மட்டுமே விற்றால், இலாபமா, நட்டமா?