ஒரு சொல், மூன்று பாடவேளை

பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயத்தின் 'மிட்ரல் வால்வு' வருகிறது. மாணவர்கள் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்பதில்லை. நான் ஆங்கில ஆசிரியர். அந்தக் கேள்வியை ஆங்கில வகுப்பில் எழுப்பலாம் என்று தோன்றியது.

'மைட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், தலைப்பட்டையையோ இடைக்கச்சையையோ குறித்த 'மித்ரா' என்னும் கிரேக்கச் சொல். பின்னர் அது கிறித்தவ ஆயர்கள் வழிபாட்டில் அணியும் உயரமான தொப்பிக்குப் பெயரானது. முன்னும் பின்னும் கூராக எழும் இரண்டு பகுதிகள், நடுவே ஒரு பிளவு: இதுவே அதன் உருவம். பள்ளியில் உள்ள சதுரங்கப் பெட்டியே இதற்குத் துணைக்கருவி. நாம் மந்திரி என்னும் காய் ஆங்கிலத்தில் பிஷப், அதாவது ஆயர். அதன் தலையில் உள்ள வெட்டு இந்தத் தொப்பியை நினைவூட்டும்.

இதயத்தின் இடது ஆரிக்கிளுக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள வால்வுக்கு இரண்டு இதழ்கள். 1543இல் வெளிவந்த உடற்கூறு நூலால் புகழ்பெற்ற வெசாலியஸ் அதை ஆயரின் தொப்பிக்கு ஒப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால் மாணவர்களுக்கு ஒப்புமை புரியும். 'ஈரிதழ் வால்வு' என்ற தமிழ்ப் பெயரும் அதன் அமைப்பைத்தான் சொல்கிறது.

மூன்றாவது பொருள் தச்சுப் பட்டறையில் இருக்கிறது. படச்சட்டத்தின் மூலையில் இரு கட்டைகளையும் 45 பாகையில் சாய்த்து வெட்டிப் பொருத்துவதும் மைட்டர்தான். இங்கே, ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை தச்சர். "44-ல வெட்டினா சட்டம் சேராது சார், வாய் பிளந்து நிக்கும்" என்றான். கரும்பலகையில் கணக்கிட்டோம். நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் 1 பாகை குறைந்தால் மொத்தம் 8 பாகை குறையும். 360க்குப் பதில் 352. அறுகோணச் சட்டம் என்றால்? உட்கோணம் 120, பாதி 60 என்று அவனே சொன்னான். அன்று வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர்.

சொற்பொருளைக் கற்பிக்கையில் ஒரு வேறுபாட்டையும் காட்ட வேண்டும். ஊசிக்குக் காது, நாற்காலிக்குக் கால் என்பவை உருவ ஒப்புமையால் ஒரே சொல் கிளைத்தவை. மைட்டரும் அப்படித்தான், தச்சு வேலைப் பொருளும் தொப்பியின் உருவத்திலிருந்தே வந்திருக்கலாம் என்பர். ஆனால் கோணத்தை அளக்கும் 'பாகை' வேறு, தலையில் கட்டும் 'பாகை' வேறு. முன்னது பங்கு எனப் பொருள்படும் 'பாகம்' என்பதோடு தொடர்புடையது. ஒலி ஒன்று, சொல் இரண்டு. பழைய ஆங்கில விவிலியம் தலைமைக் குருவின் தலையணியை மைட்டர் என்ற இடத்தில், பழைய தமிழ் விவிலியம் 'பாகை' என்றது சுவையான தற்செயல்.

வகுப்பில் செய்து பார்க்க:
1. அட்டைப் பட்டைகளை மூலைமட்டத்தால் 45 பாகையில் குறித்து வெட்டிச் சட்டம் செய்தல்.
2. வால்வுப் படத்தையும் சதுரங்கக் காயையும் அருகருகே வரைதல்.
3. உடலுறுப்புப் பெயர் பெற்ற பொருள்களைத் தமிழில் பட்டியலிடுதல்.

இதற்கு அறிவியல், கணித ஆசிரியர்களோடு ஒரு தேநீர் இடைவேளை பேசினால் போதும். பாடங்கள் தனித்தனியானவை அல்ல என்பதை மாணவர்கள் அறிவார்கள். பட்டறையிலும் வயலிலும் கற்றதற்கு வகுப்பறையில் இடமுண்டு என்பதையும் அறிவார்கள்.