கண் போல்ட்டைப் பற்றி மருமகளுக்கு

கிளிநொச்சி

அன்புப் பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அறிவியல் நகர் பொறியியல் பீடத்துக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறாய்: பலமாக இறுக்கிய நட்டு ஏன் கழலுது?

பதில் தெரிய, கிளிநொச்சி ரயில் நிலையத்துக்குப் போனால் தண்டவாளத்தைக் குனிந்து பார். 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் எங்கள் ஊருக்குத் திரும்பியது. பழைய பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. அந்தக் கட்டைகளில் தண்டவாளத்தைப் பிடித்தது அடித்து இறக்கிய ஆணி. இப்போது கொங்கிரீட் சிலிப்பரில் வளைந்த உருக்குக் கிளிப் இருக்கிறது. அது ஒரு வில். ரயில் அதிர்ந்தாலும் அழுத்தத்தை எளிதில் விடாது.

போல்ட்டும் வில்தான் பிள்ளை. நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவைதான் இரண்டு இரும்பையும் நெரித்துப் பிடிக்கிறது. இழுவை குறைந்தால் இரும்புகள் பக்கவாட்டில் அசையும், அசைய அசைய நட்டு பின்னால் சுழலும். புதிதாகப் பெயின்ற் அடித்த ரெயிலர்ச் சில்லை அப்படியே பூட்டி கிரவல் றோட்டில் ஓட்டினால் நட்டு இளகுவது இதனால்தான். இடையில் இருந்த பெயின்ற் நசுங்கிவிடும், போல்ட்டின் நீட்சியும் போய்விடும். ஸ்பனரில் நீ கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே தீர்ந்துபோகிறது. அதனால் புரிக்கு எண்ணெய் போட்டு அதே பலத்தில் முறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி நீளும், அறுந்தும் போகலாம்.

இனி பாரம் தூக்கும் கதை. ஒருநாள் மாசி பெர்கியூசன் உழவு இயந்திர எஞ்சின் ஒன்றைச் செயின் புளொக்கில் தூக்கினோம். தலையில் வளையம் உள்ள கண் போல்ட் எஞ்சினுக்குள் நாலைந்து சுற்று போய் இறுகியது. பூட்டியாயிற்று என்று நினைத்தேன். இரண்டு சாண் உயர்ந்ததும் அது புரியை உரித்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சினின் எண்ணெய்ச் சம்ப் உடைந்தது. பக்கத்தில் நின்ற பெடியனின் கால் ஒரு விரற்கடையில் தப்பியது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

என்ன பிழை? துளையில் இருந்தது அரை அங்குலப் புரி: அங்குலத்துக்கு 13 சுற்று. நான் எடுத்தது 12 மில்லிமீற்றர் போல்ட்: சுற்றுக்குச் சுற்று 1.75 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சில சுற்றுக்குப் பிறகு புரிகள் ஒன்றையொன்று கடித்துச் சிக்கியதை இறுக்கம் என்று நம்பிவிட்டேன். வன்னியில் இது எவருக்கும் நடக்கும். பழைய மாசிக்கு அங்குலப் புரி, குபோட்டாவுக்கு மில்லிமீற்றர்ப் புரி, இரண்டும் ஒரே பேணிக்குள் கிடக்கும்.

அதனால் முதலில் கையால் கடைசிவரை திருகிப் பார். கண் போல்ட்டின் தோள் இரும்போடு ஒட்டி உட்கார வேண்டும், இழுவை நேராக மேலே போக வேண்டும். 45 பாகையில் சரித்து இழுத்தால் நேராகத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாங்காது. சங்கிலியும் அப்படித்தான். எஞ்சின் 200 கிலோ என்று வை. இரண்டு சங்கிலி நிமிர்ந்து நின்றால் ஆளுக்கு 100 கிலோ. கிடையிலிருந்து 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றிலும் 200 கிலோ.

போல்ட்டின் தலையையும் வாசி. 8.8 என்றிருந்தால், சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டனில் அறும், அதில் பத்தில் எட்டுப் பங்கில், அதாவது 640இல், திரும்பாமல் நீளத் தொடங்கும். அங்குலப் போல்ட்டில் மூன்று கோடு ஓரளவு பலம், ஆறு கோடு அதைவிடப் பலம். எதுவும் இல்லாத தலையை நம்பிப் பாரம் தூக்காதே. அவசரம் என்று யார் சொன்னாலும் தூக்காதே.

கிணற்று மோட்டரை இழுக்கும் கம்பிக் கயிற்றுக் கிளிப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதன் சேணம் பாரம் இழுக்கும் கயிற்றில் உட்கார வேண்டும், யூ வளைவு மடித்து மிஞ்சிய வால் துண்டில். மாற்றிப் பூட்டினால் வளைவு பாரக் கயிற்றையே நசுக்கிவிடும்.

இந்தக் கடிதத்தோடு புரி அளக்கும் சீப்பு ஒன்று அனுப்புகிறேன். அங்குலப் பல் ஒரு பக்கம், மில்லிமீற்றர்ப் பல் மறுபக்கம். லீவில் வரும்போது கொண்டு வா. அந்தக் கண் போல்ட் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அங்குலப் பக்கத்தில் எத்தனையாவது பல்லிலிருந்து அது பொருந்தாமல் விலகுகிறது என்று நீயே வைத்துப் பார்.

அன்புடன்,
மாமா